எழுபத்தொரு மார்க்

மார்ச் 3, செவ்வாய்

கிடங்கில் இன்று முப்பத்தொரு ஒயின். குடிப்பதில்லை, வாயில் உருட்டித் துப்புவதுதான் உத்தியோகம். இதை மாமியாருக்கு இன்றுவரை புரியவைக்க முடியவில்லை. நான் தலையை ஆட்டினால் முதலாளி வாங்குவார், உதட்டைப் பிதுக்கினால் திருப்பி அனுப்பிவிடுவார். பதினாறு வருடமாக இதே கதை. இன்று தேறியது இரண்டு. ஒன்றில் கார்க் கெட்டுப்போய் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. மீதி இருபத்தெட்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

சாயங்காலம் பல் டாக்டர் (ஊருக்குப் பல் டாக்டர், எனக்குப் புருஷன்) என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "போர்டைக் கழட்டி வச்சிடலாம். பெண்டாட்டி பல்லே ஊதாவா இருந்தா எவன் வருவான்" என்றார். இந்த ஜோக்குக்கும் பதினாறு வயது.

ஒயின் போட்டிக் குழுவிலிருந்து கடிதம். இந்த வருடம் சிவப்பு ஒயினுக்கு மார்க் போடும் மேசைக்கு நான் தலைவி. மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை கண்ணாடி முன்னால் நின்று. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நின்றேன்.

அப்புறம் அக்காவின் போன். அப்பா விட்டுப்போன திராட்சைச் சரிவை இருபது வருடமாக அவளும் அத்தானும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஒயினும் அவளே போடுகிறாள். முதல் முறையாகப் போட்டிக்கு அனுப்புகிறாளாம். "என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதடி" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் சிரிப்பு எங்கே போனது என்று பார்த்தேன்.

மார்ச் 6, வெள்ளி

குழுச் செயலாளரிடம் அக்கா விஷயத்தைச் சொல்லிவிட்டேன். சிவப்புக்கு ஒரே மேசைதான், மாற்ற வழியில்லை என்றார். எல்லாப் புட்டிகளும் கறுப்புத் துணிப் பைக்குள் இருக்கும், எண் மட்டும்தான் வெளியே தெரியும். அப்படியும் இது நம் வீட்டு ஒயின் என்று சந்தேகம் வந்தால் கையைத் தூக்கிவிட்டு எழுந்து போய்விட வேண்டும், அதற்கு மார்க் போடக் கூடாது. மீறினால் அந்த மேசையின் முடிவு மொத்தமும் செல்லாது. படித்துக் கையெழுத்துப் போட்டேன். "உங்களுக்கெல்லாம் இதைச் சொல்லணுமா மேடம்" என்றார்.

மார்ச் 14, சனி

போட்டி முடிந்தது. நாற்பது பைகள், நான்கு நாக்குகள். என்னோடு பெரிய ஹோட்டலில் ஒயின் பரிமாறும் ஒருவர், திராட்சை விவசாயம் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர், பத்திரிகையில் எழுதும் ஒரு பெண். வெள்ளை மேசை விரிப்பு, தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட், ஆளுக்கொரு துப்பும் பாத்திரம். பத்திரிகைக்காரி துப்புவதைப் பார்த்தால் யாரும் அவள் கட்டுரையைப் படிக்க மாட்டார்கள்.

பதின்மூன்று வரைக்கும் சாதாரணம். பதினான்காவது பையிலிருந்து ஊற்றியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. கறுத்த பழ வாசனைக்குப் பின்னால் மெல்லிசாக, தைல மர இலையைக் கசக்கிய மாதிரி ஒன்று. எங்கள் சரிவின் தெற்கு ஓரத்தில் வரிசையாகத் தைல மரங்கள். அந்த எண்ணெய் காற்றில் வந்து திராட்சைத் தோலில் படியும். அங்கே போடும் ஒயினில் அது இல்லாமல் இருக்காது. அந்த வாசனையிலேயே வளர்ந்தவள் நான். என் மூக்கை யாரும் ஏமாற்ற முடியாது.

கையைத் தூக்கியிருக்க வேண்டும். தூக்கவில்லை. தூக்கினால் மற்ற மூவருக்கும் அது யாருடையது என்று தெரிந்துவிடும், அது அக்காவுக்கே அநியாயம் என்று நினைத்தேன். உட்கார்ந்து, கறாராக மார்க் போடுவதுதான் நேர்மை என்று நினைத்தேன். எழுபத்தொன்று போட்டேன். மற்ற மூவரும் தொண்ணூறும் தொண்ணூறுக்கு மேலும் போட்டிருந்தார்கள். நான் பேசினேன். தைல வாசனை ஒரு குறை, அது பழத்தை அமுக்குகிறது, இதற்குத் தங்கம் கொடுத்தால் நாளைக்கு இருமல் மருந்துக்கும் கொடுக்க வேண்டியிருக்கும் என்றேன். சிரித்தார்கள். ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஹோட்டல்காரர் மட்டும் கோப்பையை இன்னொரு தரம் மோந்து பார்த்துவிட்டு, "எனக்கென்னமோ பிடிச்சிருக்கு" என்றார். அவரும் எண்பதுக்கு இறங்கினார்.

இருபத்திரண்டாவது பைதான் இன்றைய நாளின் ஒயின். சுத்தமான பழம், சீவிய பென்சிலின் மர வாசனை, துவர்ப்பு நாக்கைப் பிடித்துக்கொண்டு பிறகு தானாகவே விடுகிறது. விழுங்கி ஒரு நிமிடம் ஆகியும் ருசி போகவில்லை. ஆமாம், விழுங்கினேன். தொண்ணூற்றைந்து. "இதைப் போட்டவங்க கையைப் பிடிச்சுக் கும்பிடணும்" என்று மேசையில் சொன்னேன்.

நல்ல நாள். பாரபட்சம் பார்க்கவில்லை என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

மார்ச் 15, ஞாயிறு

கடைசி வரி சரியாக இல்லை. பாரபட்சம் பார்த்தேன் என்றல்லவா ஆகிறது. அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். இருக்கட்டும்.

மார்ச் 18, புதன்

என்ன சிடுசிடுப்பு என்று பல் டாக்டர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை என்று சொல்கிற நோயாளிக்குத்தான் வேர் வரைக்கும் சொத்தை இருக்கும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

மார்ச் 21, சனி

எங்கே ஆரம்பிப்பது?

மண்டபத்தில் முடிவு வாசித்தார்கள். மூன்றாவது வரிசையில் அக்காவும் அத்தானும், அக்கா பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகிறவள் மாதிரி எண்ணெய் வைத்து வாரியிருந்தாள். அவளைப் பார்க்காமல் இருக்க நான் விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறுதலாக என்ன சொல்லலாம் என்று வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தேன்: முதல் தடவைதானே, அடுத்த வருடம் பார்க்கலாம்.

சிவப்பில் தங்கம், இருபத்திரண்டாம் எண் என்று சொல்லிவிட்டு அக்காவின் பெயரை வாசித்தார்கள்.

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கை தட்டுகிறது, எனக்குக் காது கேட்கவில்லை. அக்கா மேடை ஏறி, இறங்கி, நேராக என்னிடம் வந்து கட்டிக்கொண்டாள். "உனக்குத் தெரியவே இல்லல்ல? உன் மூக்கையே ஏமாத்திட்டேன்ல?" அழுதாள். என் தோளெல்லாம் ஈரம். தெரியாமலே நான் கொடுத்த மார்க் என்பதில்தான் அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

அப்படியானால் பதினான்கு யாருடையது? பட்டியலைப் பார்த்தேன். எனக்குத் தெரியாத யாரோ. நெடுஞ்சாலை ஓரத்துச் சின்னத் தோட்டம். சராசரி எழுபத்தாறு. பதக்கம் இல்லை.

என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்.

மார்ச் 22, ஞாயிறு

அக்கா வீட்டில் விருந்து. நான் அந்தச் சரிவுக்குப் போய் நாலு வருடத்துக்கு மேல் ஆகிறது. பார்ப்பதெல்லாம் என் வீட்டில்தான், வேலை இருக்கிறது என்று சொல்லியே ஒப்பேற்றியிருக்கிறேன். இறங்கியதும் தெற்கே பார்த்தேன். தைல மரங்கள் இல்லை. அடிக்கட்டைகள் மட்டும், அவற்றின்மேல் அத்தான் பூந்தொட்டி வைத்திருக்கிறார்.

எப்போது வெட்டினீர்கள் என்று அத்தானிடம்தான் கேட்டேன். நாலு வருடம் ஆயிற்றாம். எங்கள் வீட்டில் ஏதோ ஒரு சாப்பாட்டின்போது அக்காவின் ஒயினை மோந்துவிட்டு நான், "சளிக்கு நல்லது, ராத்திரி நெஞ்சுல தடவிக்கலாம்" என்றேனாம். எல்லோரும் சிரித்தார்களாம். அக்காவும் சிரித்தாளாம். அடுத்த வாரமே ஆள் கூட்டிவந்து வெட்டச் சொல்லிவிட்டாளாம். "நீ சொன்னா அவளுக்கு வேதவாக்கு" என்றார் அத்தான், கோபமே இல்லாமல்.

எனக்கு அது ஞாபகமே இல்லை. அதன் பிறகு வருடா வருடம் அவள் கொண்டுவந்து கொடுத்த புட்டிகள் எங்கள் அலமாரியின் அடித்தட்டில் இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் திறக்கவில்லை. எப்படி இருக்கும் என்றுதான் எனக்குத் தெரியுமே! திறந்திருந்தால் பதினான்கு அவளுடையது இல்லை என்று தெரிந்திருக்கும்.

பின்கட்டில் தங்க ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒவ்வொரு புட்டியையும் புடவைத் தலைப்பால் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினாள். எனக்கும் ஒரு தாள் ஸ்டிக்கரைக் கொடுத்தாள். பன்னிரண்டு புட்டிக்கு ஒட்டினேன். ஒன்றுகூட நேராக வரவில்லை.

பதினான்காம் தேதி நான் இங்கே எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அந்தப் பையை மோந்ததும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். மார்க் தாளில் தொண்ணூற்றிரண்டு என்று எழுதினேன். எழுதிய பிறகுதான் அக்கா என்று தோன்றியது. தோன்றியதும் அடித்துவிட்டு எழுபத்தொன்று என்று எழுதினேன். நேர்மை என்று இங்கே எழுதியதெல்லாம் எங்கப்பன் குதிருக்குள் இல்லை கதைதான். அவள் தங்கம் வாங்கக் கூடாது என்று இருந்தது, அவ்வளவுதான். ஒயின் ருசி பார்க்கும் பரீட்சை எழுதினவள் நான், மூன்று தடவை தோற்று நாலாவது தடவை பாஸானவள் நான். அவள் எந்தப் புத்தகத்தையும் திறந்ததில்லை. அவள் செய்கிறவள், நான் சொல்கிறவள். அவள் செய்வதும் நன்றாக இருந்துவிட்டால் நான் எதற்கு?

எழுதிவிட்டேன். கை கூசுகிறது.

மார்ச் 25, புதன்

இன்று கருத்துக் கேட்கும் நாள். பதக்கம் கிடைக்காதவர்கள் வந்து, ஏன் கிடைக்கவில்லை என்று மேசைத் தலைவர்களிடம் நேரில் கேட்கலாம். பெரும்பாலும் சண்டை போடத்தான் வருவார்கள். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

நாலாவதாக வந்தவர் அறுபது தாண்டிய ஒருவர். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டினாராம். ஓய்வு பெற்று வந்து, ஓட்டிய காலத்தில் தினமும் கடந்துபோன ஒரு துண்டு நிலத்தையே வாங்கித் திராட்சை போட்டாராம். "எண் பதினாலு, மேடம்" என்றார்.

என் கருத்து டைப் செய்யப்பட்டு அவர் கையில் இருந்தது. அதை அவரே எனக்குப் படித்துக் காட்டினார். தைல வாசனை பெரும் குறை. பழத்தின் இயல்பைக் கெடுக்கிறது. தைல மரங்களை ஒட்டிய கொடி வரிசைகளைத் தவிர்ப்பது நல்லது. படித்துவிட்டு, தவிர்ப்பது என்றால் பிடுங்கிவிடுவதா என்று கேட்டார். அவர் தோட்டத்துக்கு வெளியே இருக்கும் தைல மரங்கள் நெடுஞ்சாலைக்காரர்களுடையவை, அவர் தொட முடியாது. அதனால் அவற்றை ஒட்டிய ஒன்பது வரிசைக் கொடிகளையும் எடுத்துவிடலாம் என்று இருக்கிறார். முதலில் நட்டவை அவைதானாம். திங்கட்கிழமைக்கு மிஷின் சொல்லியாகிவிட்டது.

"என் பெண்டாட்டிக்கு மனசே இல்ல. ஆனா உங்களை மாதிரி படிச்சவங்க சொன்னா காரணம் இருக்கும்னு சொல்லிட்டேன்" என்றார்.

நான் என்ன சொன்னேன்? யோசித்துச் செய்யுங்கள் என்றேன். யோசித்துச் செய்யுங்கள்! நோட்டில் அதையும் எழுதிக்கொண்டார். நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஆள் வந்து சண்டை போட்டார், நிம்மதியாக இருந்தது.

மார்ச் 26, வியாழன்

திங்கட்கிழமை மிஷின்.

மார்ச் 27, வெள்ளி

கிடங்கிலிருந்தே அவருக்குப் போன் போட்டேன். கொடிகளைப் பிடுங்க வேண்டாம், என் கருத்தில் தவறு நேர்ந்துவிட்டது என்றேன். எப்படி என்று கேட்டார். அன்று எனக்குக் கடுமையான சளி, மூக்கு சரியாக வேலை செய்யவில்லை என்றேன். அந்தப் பொய்யை நான் யோசிக்கக்கூட இல்லை, நாக்கின் நுனியில் தயாராக நின்றது.

அந்தப் பக்கம் லாரி ஒன்று போனது கேட்டது.

"சளி இருந்தா தைல வாசனை மட்டும் எப்படி மேடம் தெரிஞ்சது?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது மழை வந்தது என்ற ஒரு காரணம் இருக்கிறது.

பல் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டு மேசையில், இருவருக்கும் நடுவில் ஆறிப்போன காப்பி. தொண்ணூற்றிரண்டை அடித்ததையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தச் செயலாளருக்கு இது தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். மேசை முடிவு மொத்தமும் செல்லாது என்றேன். அக்காவின் தங்கமும்? அக்காவின் தங்கமும்தான்.

வாயை மூடிக்கொண்டால் ஒரு பஸ்காரரின் கொடிகள் போகும். அவரிடம் மட்டும் சொன்னால் கொடி பிழைக்கும், பதக்கம் கிடைக்க வேண்டிய ஒயினுக்கு எழுபத்தாறு என்பது அப்படியே நிற்கும். குழுவிடம் சொன்னால் அக்கா ஒட்டிய ஒவ்வொரு ஸ்டிக்கரையும் நான் கையை வைத்து உரித்த மாதிரி. தப்புச் செய்தது நான், தண்டனை யாருக்கோ. எந்தக் கதவைத் திறந்தாலும் இப்படியே இருக்கிறது.

"உனக்கு வலிக்காத பக்கமா ஒரு வழி தேடிட்டிருக்க. அது இல்ல" என்றார். எழுந்து போய்க் காப்பியைச் சுடவைத்துக் கொண்டுவந்தார்.

மார்ச் 28, சனி

நேரிலேயே போனேன். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கினால் முதலில் வருவது தைல வாசனை, பிறகுதான் வீடு. பஸ்காரர் கொடிகளுக்கு நடுவில் குனிந்து ஏதோ கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி நாற்காலி கொண்டுவந்து போட்டார். உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். என் அக்காவின் ஒயின் என்று நினைத்தேன், எழுந்து போகாமல் வேண்டுமென்றே குறைத்தேன், மற்றவர்களையும் பேசி இறக்கினேன். உங்கள் ஒயினில் குறை எதுவும் இல்லை. முதலில் நான் எழுதியது தொண்ணூற்றிரண்டு.

இதையெல்லாம் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் நோட்டை எடுக்கவில்லை. அவர் மனைவிதான் முதலில் பேசினார்: "அப்ப மிஷின் வேணாம்." அவ்வளவுதான் அந்தம்மாவுக்குத் தேவைப்பட்டது. உள்ளே போய்விட்டார்.

பஸ்காரருக்குக் கோபமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு என் அக்காவுக்கு இது தெரியுமா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"முதல்ல அங்க போயிருக்கணும். நான் யாரோ" என்றார்.

ஒயின் கொடுப்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். கொடுக்கவில்லை. தண்ணீர் கொடுத்தார். திரும்பும்போது பார்த்தேன், அந்த ஒன்பது வரிசையிலும் புதிய தளிர். ஒவ்வொரு கொடியிலும் பிடுங்குவதற்கு அடையாளமாகச் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அதைத்தான் அவர் அவிழ்த்துக்கொண்டிருந்தாரா, கட்டிக்கொண்டிருந்தாரா? கேட்கத் தைரியமில்லை.

மார்ச் 29, ஞாயிறு

அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

அடுப்படியில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பஸ்காரரிடம் சொன்ன அதே வரிசையில் சொன்னேன், இரண்டாம் தடவை என்பதால் வார்த்தைகள் வழவழவென்று வந்தன, அதுவே எனக்கு அருவருப்பாக இருந்தது. செயலாளருக்கு எழுதலாம் என்று இருக்கிறேன், உன் தங்கமும் போய்விடும், என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

கத்தியைக் கீழே வைத்தாள். தங்கத்தைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

"அந்த எழுபத்தொண்ணு அவருக்குப் போட்டது இல்லடி. எனக்குப் போட்டது" என்றாள்.

தலையை ஆட்டினேன். ஒயினுக்கு ஆட்டுகிற மாதிரி.

"நான் உன்கிட்ட மார்க் வாங்கத்தான் அந்த மரத்தையே வெட்டினேன்" என்றாள். அப்புறம், எழுதுவது என்றால் எழுது, எழுதாவிட்டால் போ, ஆனால் என்னிடம் அனுமதி கேட்டு உன் பாவத்தில் எனக்கும் பங்கு வைக்காதே என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. அவள் திட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், சின்ன வயதில் தெருவே கேட்கும். இது வேறு.

அத்தான் வாசல்வரை வந்தார். செருப்பைத் தேடிக் கொடுத்தார்.

அக்கா, நான் உன்மேல—

என்ன எழுத வந்தேன்?

மார்ச் 30, திங்கள்

செயலாளருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். ஒன்றரைப் பக்கம் வந்தது, முக்கால்வாசி சமாதானம். அதையெல்லாம் அடித்தேன். ஆறு வரி மிஞ்சியது.

ஏப்ரல் 4, சனி

பதில் வந்தது. சிவப்பு மேசையின் முடிவுகள் ரத்து. மறுபடி நடத்த இந்த வருடம் வழியில்லை. பதக்கம் பெற்றவர்கள் திருப்பித் தர வேண்டும், ஸ்டிக்கர்களை அகற்ற வேண்டும். நான் இனி எந்த மேசையிலும் உட்கார முடியாது. "உங்களுக்கெல்லாம் இதைச் சொல்லணுமா" என்றவர்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

வெள்ளியும் வெண்கலமும் வாங்கின ஐந்து பேரை நான் நினைத்தே பார்க்கவில்லை. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். போட்டது என் தலையில் மட்டும் இல்லையே.

ஏப்ரல் 7, செவ்வாய்

கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். நான் அறைக்குள் போனால் பேச்சு நின்று வானிலை ஆரம்பமாகிறது. முதலாளி கூப்பிட்டார். கொஞ்ச நாள் லேபிள் சரிபார்க்கும் வேலையைப் பாருங்கள், மாதிரிகளை வேறு யாராவது பார்க்கட்டும் என்றார். என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார், பாவம், அவருக்கும் கஷ்டம். சரி என்றேன். லேபிளில் ஊர்ப் பெயரின் எழுத்து, வருடம், அளவு. எல்லாம் சரியாக இருக்கிறது. இதில் பாரபட்சத்துக்கு இடமில்லை.

ஏப்ரல் 8, புதன்

பல் வெள்ளையாக இருக்கிறது. பல் டாக்டர் கவனித்தார். ஜோக் எதுவும் சொல்லவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

அலமாரியின் அடித்தட்டிலிருந்து அக்காவின் புட்டிகளை எடுத்தேன். ஐந்து. தூசியைத் துடைத்து, பழையதிலிருந்து ஆரம்பித்து நான்கைத் திறந்தோம், பல் டாக்டரும் நானும். முதலாவதில் தைலம். அடுத்ததில் பாதி. அதற்கடுத்ததில் இல்லை, ஆனால் பழம் கொஞ்சம் தடுமாறுகிறது, மரம் போனபின் விழுந்த வெயில் கொடிகளுக்குப் புதிதாக இருந்திருக்கும். நாலாவது நிமிர்ந்துவிட்டது. நாலு வருடமாக ஒருத்தி தன் பாட்டில் கற்றுக்கொண்டே போயிருக்கிறாள், எனக்குக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டும் இருந்திருக்கிறாள்.

இன்னொன்றும் எழுதிவிட வேண்டும். அந்த முதல் புட்டி, தைலம் இருந்தது, அதுவும் நல்ல ஒயின்தான். எனக்கு அது பிடித்திருக்கிறது. எப்போதும் பிடித்துத்தான் இருந்திருக்கிறது.

அழுதேன். பல் டாக்டர் கோப்பைகளைக் கழுவினார்.

ஏப்ரல் 18, சனி

நேற்று ராத்திரி அத்தான் போன் செய்தார். ஸ்டிக்கரை உரிக்க ஆள் போதவில்லை, அடுத்த வாரம் புட்டிகள் கடைகளுக்குப் போக வேண்டும் என்றார். அக்கா சொல்லியா போன் செய்கிறீர்கள் என்று கேட்டேன். நானாகத்தான் செய்கிறேன் என்றார். சொல்லியிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

காலை ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டேன். பின்கட்டில் வெந்நீர்த் தொட்டிகள். புட்டியைத் தொட்டியில் ஊறவிட்டு, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, லேபிள் கிழியாமல் ஸ்டிக்கரை மட்டும் எடுக்க வேண்டும். அக்கா என்னைப் பார்த்தாள், ஒரு துண்டைத் தூக்கிப் போட்டாள், அவள் தொட்டிக்குத் திரும்பிவிட்டாள். மதியம்வரை ஒரு வார்த்தை இல்லை. வந்திருந்த இரண்டு பெண்களுக்கு என்ன நடந்தது என்று தெரியும் போல, அவர்களும் என்னிடம் பேசவில்லை. விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போயிற்று. எப்படியும் முந்நூறு புட்டி உரித்திருப்பேன்.

சாப்பிடும் நேரத்தில் அந்தப் பெண்கள் மரத்தடிக்குப் போனார்கள். அக்கா கழுவி வைத்த புட்டிகளில் ஒன்றை எடுத்துத் திறந்தாள். காப்பி டம்ளர்கள்தான் இருந்தன, அவற்றில் ஊற்றினாள். அத்தானுக்கு, அவளுக்கு, எனக்கு. என் கை தன்னிச்சையாக டம்ளரைச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோனது. பாதியில் நிறுத்தினேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கீழே வைப்பதா, குடிப்பதா என்று தெரியவில்லை. குடித்தேன். போட்டி மேசையில் நான் தொண்ணூற்றைந்து போட்ட அதே ஒயின். கையைப் பிடித்துக் கும்பிட வேண்டும் என்று சொன்னேனே, அந்தக் கை எதிரில் சோப்புத் தண்ணீரில் வெளுத்துப்போய் இருந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

துவர்ப்பு, பழம், மரம், நீளம் என்று எல்லா வார்த்தைகளும் வரிசையில் வந்து நின்றன. பதினாறு வருடமாக என் சம்பளமே அந்த வார்த்தைகள்தான். ஒன்றையும் எடுக்க முடியவில்லை.

"பொறாமையா இருக்குக்கா" என்றேன்.

அத்தான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல" என்றாள்.

பிறகு ரொட்டித் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். சாப்பிட்டோம். இன்னும் நானூறு புட்டி பாக்கி இருந்தது. அவள் தொட்டியில் தண்ணீர் ஆறிவிட்டது என்று என் தொட்டிக்கே வந்து உட்கார்ந்தாள்.